கையெழுத்தைக் காப்பாற்றிய பிறகே கதவு திறந்தது

(தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் தொழில் பழகி, இப்போது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சுங்க ஆவண வேலை பார்க்கும் தமிழர், வாசகர்களின் வணிகக் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் எழுதுகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகு, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மறுபடி நெருங்குவதைப் பற்றியவை.)

கேள்வி: பிரிய வேண்டும் என்று வாக்களித்துப் பிரிந்தாயிற்று. பிறகு ஏன் 'உறவைச் சீர்செய்கிறோம்' என்று பிரிட்டன் மறுபடி ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் பக்கம் நடக்கிறது? அப்படி என்ன நஷ்டம் வந்துவிட்டது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, டோவர் கடற்கரையில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் பிரான்ஸ் கண்ணுக்குத் தெரியும். நடுவில் இருப்பது சுமார் 33 கிலோமீட்டர் கடல். வாக்கெடுப்பில் அந்தத் தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரிட்டன் வெளிநாட்டுக்கு விற்பதில் ஏறக்குறைய 40 சதவீதமும், வாங்குவதில் ஏறக்குறைய பாதியும் இன்றைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தோடுதான் நடக்கின்றன.

2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். சட்டப்படி விலகியது 2020 ஜனவரி 31. ஆனால் என் போன்றவர்களின் மேசையில் எல்லாம் மாறியது 2021 ஜனவரி 1 அன்றுதான். அதற்கு முன்பு கென்ட்டிலிருந்து பிரான்ஸின் கலே துறைமுகம் வழியாகப் போகும் லாரிக்கு இன்வாய்ஸும் சரக்குச் சீட்டும் இருந்தால் போதும். திண்டுக்கல்லில் ஏற்றிய சரக்கை மதுரையில் இறக்குவது போலப் போய்வந்தார்கள். அன்று முதல் ஏற்றுமதி டிக்ளரேஷன், இறக்குமதி டிக்ளரேஷன், பிரெஞ்சுச் சுங்கத்துக்குத் தனி பார்கோடு, பொருள் எங்கே உற்பத்தியானது என்பதற்கு உறுதிமொழி, உணவுப் பொருளென்றால் அதற்கு மேல் ஒரு கட்டுச் சான்றிதழ் என்று எல்லாம் வந்து சேர்ந்தன.

"வரிதான் கிடையாதே" என்று அப்போது பலரும் சமாதானம் சொன்னார்கள். 2020 டிசம்பர் 24 அன்று முடிவான வர்த்தக ஒத்துழைப்பு உடன்படிக்கைப்படி இருபக்கமும் சுங்க வரி இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை என்பது உண்மைதான். சிறு வியாபாரியின் கழுத்தைப் பிடித்தது காகிதம். பெரிய நிறுவனத்துக்கு இதற்கென்று ஒரு பிரிவு இருக்கும். வாரம் இரண்டு பெட்டி பாலாடைக்கட்டி அனுப்புகிறவருக்கு அந்தப் பெட்டியின் லாபத்தைவிடக் காகிதச் செலவு கூடிப்போனது. அவர்கள் ஏற்றுமதியையே நிறுத்திக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அரசின் நிதிநிலையைக் கணக்கிடும் சுயேச்சையான அமைப்பு, ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய உற்பத்தித்திறனைவிட நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. அந்த 4 சதவீதத்துக்குள் இப்படிக் கடையைக் கட்டியவர்களின் கதையும் அடங்கியிருக்கிறது.

கேள்வி: அண்ணை, நாங்கள் ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். முன்பு பாரிஸ் லா ஷப்பல் கடைகளுக்கு எங்கள் வேனிலேயே சாமான் அனுப்புவோம். மட்டன் ரோல்ஸ், நெய்ப் பலகாரம், கருவாடு, அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் ஒரே வேனில் போகும். 2021-க்குப் பிறகு விட்டுவிட்டோம். புது உடன்படிக்கை வந்தால் மறுபடி தொடங்கலாமா?
– கடைக்காரர், லண்டன்

பதில்: தம்பி, உங்கள் வேனில் இரண்டு வகைச் சாமான் இருக்கிறது. இரண்டுக்கும் இரண்டு பதில். உங்களைப் போல நிறையப் பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டு காத்திருப்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் மட்டன் ரோல்ஸ், நெய்ப் பலகாரம், கருவாடு. இறைச்சி, பால், மீன் சம்பந்தப்பட்ட சரக்கு ஒன்றியத்துக்குள் போக ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அதில் அரசு அங்கீகரித்த அதிகாரி, பெரும்பாலும் கால்நடை மருத்துவர், கையெழுத்திட வேண்டும். இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் செலவு புரியும். மருத்துவர் குளிர்பதனக் கிடங்குக்கு வருவார். சான்றிதழ் பல பக்கம் ஓடும். பொருந்தாத வாசகம் ஒவ்வொன்றையும் கோடு போட்டு அடித்து, அடித்த இடத்தில் முத்திரையும் சுருக்கொப்பமும் இட வேண்டும். கையெழுத்து மை அச்செழுத்தின் நிறத்தில் இருக்கக் கூடாது. அதனால் கறுப்புப் பேனாவை எடுத்தாலே பக்கத்தில் நிற்பவர் பதறுவார். சரக்கு நுழையும் நாட்டின் மொழியிலும் சான்றிதழ் இருக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஐரோப்பியக் கணினி அமைப்பில் முன்கூட்டியே ஏற்ற வேண்டும். கலேயில் இறங்கியதும் அங்குள்ள கால்நடைச் சோதனை நிலையம் எடுத்துப் பார்க்கும். பல பேருடைய சரக்கு ஒரே லாரியில் போனால், ஒருவரின் சான்றிதழில் ஓர் எண் பிசகினாலும் மொத்த லாரியும் நிற்கும். குளிர்பதன லாரி ஒரு நாள் நின்றால் மீன்காரருக்கு அந்த வாரச் சம்பாத்தியம் போனது போலத்தான்.

சில பொருளுக்குச் சான்றிதழ் இருந்தும் வழியில்லை. பிரிட்டனிலிருந்து உறைய வைக்காத சாசேஜ், பர்கர் இறைச்சி ஒன்றியத்துக்குள் போக முடியாது. விதை உருளைக்கிழங்கும் அப்படியே. ஸ்காட்லாந்து விவசாயிகள் தலைமுறையாக ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்த சரக்கு அது.

இதற்குத்தான் தீர்வு தேடுகிறார்கள். 2025 மே 19 அன்று லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் பிரதமர் ஸ்டார்மரும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையனும் சந்தித்தபோது, உணவு, கால்நடை, தாவரச் சுகாதாரத்துக்கு ஒரே விதி வைத்துக்கொள்ளும் உடன்படிக்கைக்குச் செல்ல ஒப்புக்கொண்டார்கள். நடைமுறைக்கு வருவது 2027 என்று பிரிட்டிஷ் அரசு குறிவைத்திருக்கிறது. அது முழுமையாக வந்தால், நான் மேலே எழுதிய மருத்துவர் சான்றிதழும் கலே சோதனையும் பெருமளவு போய்விடும். பிரிட்டனுக்குள் உங்கள் சமையற்கூடத்தில் முறையாக அனுமதி பெற்றுத் தயாரித்த ரோல்ஸைப் பாரிஸுக்கு அனுப்பலாம் என்று நம்ப இடமுண்டு.

இனி அரிசி, மிளகாய்த்தூள். இவை இந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்தவை. லண்டனில் இறக்கி, பிரித்து, வேறு பையில் போட்டாலும் அவை பிரிட்டிஷ் பொருள் ஆகாது. பூஜ்ய வரி என்பது பிரிட்டனில் உற்பத்தியான பொருளுக்குத்தான். வெளிநாட்டுச் சரக்கை லண்டனில் இறக்கிப் பாரிஸுக்கு அனுப்பினால், இங்கே வரி கட்டியதற்கு மேல் அங்கேயும் கட்ட நேரும். இந்தச் சிக்கலைச் சுகாதார உடன்படிக்கை தொடவே தொடாது. உள்ளே வரி இல்லாமல், வெளியாருக்கு எல்லாரும் ஒரே வரி வைக்கும் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தால்தான் தீரும். அதனால் அந்த வகைச் சாமானை லண்டன் வழியாக அனுப்புவதை மறந்துவிடுங்கள். பாரிஸ் கடைக்காரர்களோடு பேசி லு ஆவ்ர், ஆண்ட்வெர்ப், ராட்டர்டாம் துறைமுகத்துக்கு நேரடியாகக் கன்டெய்னர் இறக்குங்கள். உங்களில் சிலர் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள்.

கேள்வி: இரண்டு பக்கமும் அவ்வளவு கசப்போடு பிரிந்தார்கள். பேச்சு மறுபடி சுமுகமானது எந்த இடத்தில்?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள் என்பேன். ஆட்சி மாறியது, ஸ்டார்மர் வந்தார், சிரித்துக் கைகுலுக்கினார்கள், உறவு சரியானது என்று செய்திகளில் வருகிறது. நான் பார்த்த வரையில் திருப்பம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் வேறு கட்சிப் பிரதமர் ரிஷி சுனக்.

பின்னணி இது. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அதை ஒட்டிய அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பு நாடு. இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. வட அயர்லாந்தின் பல ஆண்டு வன்முறையை முடித்த 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அந்த எல்லையில் சோதனைச் சாவடி வரக்கூடாது என்பதில் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். அப்படியானால் சோதனை எங்கே? பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள கடலில் வைக்கலாம் என்று போரிஸ் ஜான்சன் அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மை உலர்வதற்குள், 2020 செப்டம்பரில், அதே ஒப்பந்தத்தின் சில பகுதிகளை மீறும் மசோதாவை அதே அரசு கொண்டுவந்தது. இது சர்வதேசச் சட்டத்தை மீறும் என்று அமைச்சர் ஒருவரே நாடாளுமன்றத்தில் எழுந்து ஒப்புக்கொண்டார். 2022 ஜூனில் இன்னொரு மசோதா வந்தது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வழக்கு நடவடிக்கையில் இறங்கியது.

இதற்கான விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். ஒன்றியத்தின் ஹொரைசன் என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் பிரிட்டன் தொடரலாம் என்று 2020 உடன்படிக்கையிலேயே எழுதியிருந்தது. 2021 முதல் 2027 வரை 9,550 கோடி யூரோ மதிப்புள்ள திட்டம் அது. வட அயர்லாந்து விவகாரம் தீரட்டும் என்று பிரஸ்ஸல்ஸ் அதை நிறுத்தி வைத்தது. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மூன்று ஆண்டு வெளியே நின்றார்கள். மருந்து ஆய்வுக்கும் கடல் எல்லைச் சோதனைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் எல்லாமே ஒரே கட்டில் கட்டப்பட்டிருக்கும். போட்ட ஒரு கையெழுத்தை மதிக்காதவரிடம் அடுத்த காகிதத்தை நீட்ட யாருக்கும் மனம் வராது.

2023 பிப்ரவரி 27 அன்று சுனக்கும் ஃபொன் டெர் லையனும் விண்ட்சரில் ஒரு தீர்வை அறிவித்தார்கள். வட அயர்லாந்திலேயே தங்கிவிடும் சரக்குக்குப் பச்சைப் பாதை, அதைத் தாண்டி ஒன்றியத்துக்குள் போகக்கூடிய சரக்குக்குச் சிவப்புப் பாதை. பச்சைப் பாதையில் போகும் உணவுப் பொட்டலங்களில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட லேபிள் இருக்கும். லண்டன் கடைகளிலும் பால் பாட்டிலில் அதைப் பார்க்கலாம். பிரிட்டன் தன் மசோதாவைக் கைவிட்டது, ஒன்றியம் வழக்குகளைக் கைவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஹொரைசன் திறந்தது. 2024 ஜனவரி 1 முதல் பிரிட்டன் உள்ளே இருக்கிறது.

பிப்ரவரி, அதன் பிறகு செப்டம்பர். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பழைய வாக்கைக் காப்பாற்றினார்கள், பிறகு புதிய கதவு திறந்தது. விலகிய எந்த நாட்டுக்கும் நான் சொல்லக்கூடிய முதல் யோசனை இதுதான். புதிய கூட்டறிக்கை எழுதுவதற்கு முன்னால் ஏற்கெனவே கையெழுத்திட்டதை அச்சுப் பிசகாமல் நிறைவேற்றிக் காட்டுங்கள். அதில் பெருமை பேச ஒன்றும் இருக்காது, செய்தித்தாள் முதல் பக்கத்தில் போடாது. ஆனால் பிரஸ்ஸல்ஸில் கோப்பைத் திறக்கும் அதிகாரி அதைத்தான் முதலில் பார்ப்பார்.

கேள்வி: மீனவர்களுக்காகத்தான் பிரிகிறோம் என்றார்கள். இப்போது மீனவர்களைத்தான் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?
– விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

பதில்: பெருமளவு உண்மை. 2020 உடன்படிக்கையில், பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடித்துவந்த பங்கில் மதிப்பளவில் 25 சதவீதம் படிப்படியாகப் பிரிட்டனுக்கு வரும் என்றும், 2026 ஜூன் 30-க்குப் பிறகு ஆண்டுதோறும் பேசி முடிவெடுக்கலாம் என்றும் இருந்தது. அந்தத் தேதிக்காகப் பல துறைமுகங்களில் காத்திருந்தார்கள். 2025 மே சந்திப்பில், ஐரோப்பியப் படகுகளுக்கு இப்போதுள்ள அனுமதியை 12 ஆண்டு நீட்டி, 2038 வரை கொடுத்துவிட்டார்கள். பதிலுக்குக் கடலோரப் பகுதிகளுக்கு 36 கோடி பவுண்டு நிதியை அரசு அறிவித்தது.

நாட்டு வருமானத்தில் மீன்பிடித் தொழிலின் பங்கு மிகச் சிறியது. பேரம் பேசுகிறவர்கள் அதை எளிதாகக் கைவிடுவார்கள். அந்த மனநிலை எனக்குப் பிடிக்கவில்லை. தூத்துக்குடியில் வளர்ந்தவன் நான். கரையில் ஒரு படகு நின்றால் ஐஸ் பிளான்ட் முதல் வலை பின்னுகிறவர் வரை எத்தனை வீட்டு அடுப்பு தணியும் என்று தெரியும். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிரிட்டிஷ் மீனவர் பிடிப்பதில் பெரும்பகுதி ஐரோப்பாவில்தான் விற்கிறது. 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்து கடலுணவு லாரிகள் நாடாளுமன்றத்துக்கு அருகே வந்து ஆர்ப்பாட்டம் செய்தன. அவர்களின் குறை, பிடிப்பதைப் பற்றியது இல்லை. பிடித்த சிங்கி இறால் உயிரோடு பிரான்ஸ் போய்ச் சேரவில்லை என்பதுதான். சுகாதார உடன்படிக்கை வந்தால் அந்த லாரிகளுக்கு வழி பிறக்கும். ஆனால் மீன்பிடி அனுமதி கையெழுத்தாகிவிட்டது, சுகாதார உடன்படிக்கையோ இன்னும் பேச்சில் இருக்கிறது. கொடுப்பதை முதலில் கொடுத்து, வாங்குவதைப் பிறகு வாங்கும் பேரம் இது. நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் இரண்டையும் ஒரே நாளில் கையெழுத்திடக் கேட்டிருப்பேன்.

கேள்வி: சார், நான் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவி. பிரிட்டனில் முதுகலை படிக்க ஆசை. அங்கே மாணவர்கள் ஐரோப்பாவில் ஒரு பருவம் படிக்கும் வாய்ப்பு மறுபடி வருமா?
– திருநெல்வேலி

பதில்: வருகிறது, அம்மா. எராஸ்மஸ் என்ற பரிமாற்றத் திட்டத்தைப் பிரிட்டன் விட்டது. அதற்குப் பதிலாகத் தானே ஒரு திட்டம் நடத்தியது; அதில் பணம் வெளியே போகும் மாணவர்களுக்கு மட்டும், வருகிறவர்களுக்கு இல்லை. 2027 முதல் மறுபடி எராஸ்மஸில் சேர்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். முதல் ஆண்டுக்குச் சுமார் 57 கோடி பவுண்டு செலவு. இந்தத் திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் பரிமாற்றம் முக்கியம். ஆகவே சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பரிமாற்றப் பிரிவுக்கு எழுதி, உங்கள் படிப்புக்கு எந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று கேளுங்கள். ஓராண்டு முதுகலையில் ஒரு பருவத்தை வெளியே கழிக்க இடம் குறைவு, அதையும் கேட்டுவிடுங்கள். போகும் ஐரோப்பிய நாட்டின் விசா உங்களுக்குத் தனியாக வேண்டும்.

கேள்வி: இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தத்தை நம்பி இரண்டு புதிய ஆர்டருக்குத் தயாராகிவருகிறோம். பிரிட்டன் ஐரோப்பாவோடு மறுபடி ஒட்டிக்கொண்டால் எங்கள் வரிச்சலுகை என்ன ஆகும்?
– பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் பேசும் சுகாதார உடன்படிக்கையால் எங்கள் காய்கறிக்கு ஏதும் பாதிப்பு உண்டா?
– காய்கறி ஏற்றுமதியாளர், ஒட்டன்சத்திரம்

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருப்பூர்க்காரருக்கு: 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தம், பிரிட்டன் சுங்க ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் சாத்தியமானது. சுங்க ஒன்றியத்தில் இருக்கும் நாடு வெளியாருக்குத் தனியாக வரி குறைக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே வெளிவரிதான். துருக்கியைப் பாருங்கள். 1995 முடிவிலிருந்து ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, உறுப்பினர் கிடையாது. ஒன்றியம் வேறு நாட்டோடு ஒப்பந்தம் போட்டால் துருக்கியும் தன் வரியை அதற்கேற்பக் குறைக்க வேண்டிவருகிறது. அந்த வேறு நாடு துருக்கிப் பொருளுக்குக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த நிலைக்கு எந்தப் பிரிட்டிஷ் பிரதமரும் எளிதில் கையெழுத்திடமாட்டார். சுங்க ஒன்றியத்துக்கும், ஒரே விதிகளோடு சரக்கும் ஆளும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தைக்கும் திரும்புவதில்லை என்று ஸ்டார்மர் கட்சி 2024 தேர்தலிலேயே சொல்லிவிட்டது. அதனால் சுகாதார உடன்படிக்கையால் உங்கள் டி-ஷர்ட்டுக்கு எதுவும் ஆகாது. சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜினை ஒழுங்காக வாங்குங்கள். நூல், துணி எங்கே வாங்கினீர்கள் என்ற ரெக்கார்டைப் பத்திரமாக வையுங்கள். சலுகை பறிபோவதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கோப்பில்தான்.

இன்னொரு பக்கம், பிரிட்டன் 2024 டிசம்பரில் பசிபிக் நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பிலும் சேர்ந்துவிட்டது. தனியாகப் போடும் ஒவ்வொரு ஒப்பந்தமும் சுங்க ஒன்றியத்துக்குத் திரும்பும் பாதையில் ஒரு தடையாக நிற்கிறது. திரும்பினால் அதைக் கலைக்க வேண்டும், கலைத்தால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒட்டன்சத்திரத்து நண்பருக்கு: உங்களுக்குத்தான் பாதிப்பு இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதலாகச் சோதிக்க வேண்டியவை என்று ஒன்றியம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இந்திய முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இடம்பெற்றிருக்கின்றன. பிரிட்டன் 2021 முதல் தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. உணவு விதிகள் ஒன்றானால், எச்ச அளவையும் சோதனைப் பட்டியலையும் பிரஸ்ஸல்ஸில் மாற்றும்போது லண்டனிலும் மாறும். லண்டனுக்கு மட்டும் அனுப்புகிறவர்களும் இனி ஐரோப்பிய அளவுகளைக் கணக்கில் வைத்து விவசாயியிடம் மருந்து அட்டவணை பேச வேண்டும். சரக்கு விமானத்தில் ஏறுவதற்கு முன்பே ஆய்வகச் சோதனை செய்துவிடுங்கள். ஒரே அளவு இருப்பதில் நன்மையும் உண்டு: லண்டனுக்குத் தேறிய சரக்கு பாரிஸுக்கும் தேறும்.

கேள்வி: இப்படி விலகிப்போய் மறுபடி உறவு வைத்த நாடு வேறு உண்டா?
– நூலகர், புதுச்சேரி

பதில்: உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது கிரீன்லாந்து. 1973-இல் டென்மார்க்கோடு சேர்ந்து, தன் மக்களின் விருப்பத்துக்கு மாறாக உள்ளே இழுக்கப்பட்டது. மீன்வளம் கைவிட்டுப் போகிறதென்று 1982-இல் வாக்களித்து, 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறியது. ஆனால் சண்டை போட்டு வெளியேறவில்லை. ஐரோப்பியப் படகுகளுக்குக் குறிப்பிட்ட அளவு பிடிக்க அனுமதி, அதற்குப் பணம், கிரீன்லாந்து மீனுக்கு ஐரோப்பாவில் வரியில்லாத நுழைவு என்று, விலகும்போதே மூன்றையும் ஒரே உடன்பாட்டில் கோத்தார்கள். 2024-இல் நூக் நகரில் ஆணையம் தன் அலுவலகத்தையே திறந்தது. சுமார் 56,000 பேர் வாழும் நாடு இதைச் சாதித்தது.

சுவிட்சர்லாந்து சேரவே இல்லை, ஆனாலும் படிப்பினை உண்டு. 1992-இல் ஐரோப்பியப் பொருளாதார வெளியில் சேர்வதை மக்கள் 50.3 சதவீத வாக்கில் நிராகரித்தார்கள். 1999-இல் ஏழு தனி ஒப்பந்தங்கள் போட்டார்கள். ஒன்றை ரத்து செய்தால் ஏழும் போய்விடும் என்ற நிபந்தனையோடு. இரு தரப்புக்கும் இடையே எல்லையில் கால்நடைச் சோதனை முழுதாக நீங்கியது 2009-இல். நிராகரித்ததிலிருந்து எண்ணினால் 16 ஆண்டுக்கு மேல். பிரிட்டனில் இரண்டு ஆண்டில் எல்லாம் முடியும் என்று நினைப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் மவுரிட்டானியா தன் பிராந்தியப் பொருளாதாரச் சமூகத்தை 2000-இல் விட்டுப் போய், 2017-இல் உறுப்பினராக இல்லாமல் இணைப்பு உடன்படிக்கை போட்டது. அதே சமூகத்தை மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று விட்டன. மூன்றுக்கும் கடற்கரை கிடையாது. அபிஜான், லோமே, கொட்டொனூ போன்ற அண்டை நாட்டுத் துறைமுகங்களை நம்பியே சரக்கு வரவேண்டும். சமூகம் அங்கே கோபத்தைக் காட்டவில்லை. மறு அறிவிப்பு வரும் வரை அவர்களின் பாஸ்போர்ட்டையும் சரக்கையும் பழையபடியே ஏற்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. எல்லைச் சந்தையில் தக்காளியும் ஆடும் விற்கிற பெண்களை நினைத்துப் பார்த்தால், அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

கேள்வி: அப்படியானால் பிரிட்டன் ஒரு நாள் முழுதாகத் திரும்பச் சேருமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: என் காலத்தில் பார்ப்பேன் என்று தோன்றவில்லை. விலகியது தவறு என்று சொல்பவர்கள் சில ஆண்டுகளாகவே கருத்துக் கணிப்புகளில் பெரும்பான்மை. ஆனால் பழைய இடம் காலியாக இல்லை. முன்பு யூரோ நாணயத்திலிருந்து விலக்கு, உள்ளே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியிலிருந்து விலக்கு, மார்கரெட் தாட்சர் 1984-இல் வாங்கிய கட்டணத் தள்ளுபடி எல்லாம் இருந்தன. புதிதாகச் சேர்பவருக்கு அவை தானாகக் கிடைக்காது. எல்லா உறுப்பு நாடும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் முடியாது. பிரான்ஸின் டி கோல் 1963-லும் 1967-லும் பிரிட்டனை மறுத்த வரலாறு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அடுத்த தேர்தலில் வேறு கட்சி வந்து மறுபடி வெளியேறினால் என்ன செய்வது என்ற பயமும் அங்கே உண்டு. அது நியாயமான பயம்.

இடையில் இருக்கும் பாதையிலும் விலை உண்டு. சுகாதார உடன்படிக்கையில் ஒன்றியம் விதி மாற்றும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்ற வேண்டும். கருத்துச் சொல்லலாம், வாக்கு இல்லை. தகராறு வந்தால் நடுவர் குழு உண்டு; ஆனால் ஐரோப்பியச் சட்டத்துக்கு என்ன பொருள் என்பதில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் சொல்லே இறுதி. இதை அரசு தன் மக்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒளித்தால், முதல் விதி மாற்றம் வரும் நாளில் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற குரல் எழும். மறுபடி மசோதா, மறுபடி வழக்கு. பணத்திலும் கறார் இருக்கிறது. 15,000 கோடி யூரோ ஐரோப்பியப் பாதுகாப்புக் கடன் நிதியில் சேரும் பேச்சு, கட்டணத்தில் ஒத்துவராமல் 2025 நவம்பரில் முறிந்தது. பாதுகாப்புக் கூட்டாண்மையில் கையெழுத்திட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அடுத்து நான் கவனிக்கப்போவது சுகாதார உடன்படிக்கையின் விதிவிலக்குப் பட்டியல். எந்த உணவுச் சட்டங்களில் பிரிட்டன் தன் வழியில் போகலாம் என்று அதில் எழுதுவார்கள். பட்டியல் குறுகியதாக இருந்தால் சான்றிதழ் வேலை பெருமளவு ஒழியும். நீண்டதாக இருந்தால் கலேயில் சோதனை தொடரும். இறுதி வாசகம் வெளியானதும், ஈஸ்ட் ஹாம் தம்பிக்காக ரோல்ஸிலிருந்தே தொடங்கி எழுதுகிறேன்.